பழைய பலகையும் புதிய முறைமையும்

மொழியிலே சில வழக்குகள் மறைவதும் வேறு சில தோன்றுவதும் குற்றமாகா என்று நன்னூலார் விதி வகுத்தார். அவ்விதியை வகுப்பிலே எடுத்துரைக்காத தமிழாசிரியர் இலர். ஆயினும், அதனைத் துணைக்கழைத்துக்கொண்டு கையிலிருப்பது எதனையும் எறிந்துவிடலாம் என்னும் துணிவு இக்காலத்திலே மிகுந்துவிட்டது. நன்னூலார் கருதியது காலத்தால் தாமாகவே நிகழும் மாற்றத்தை. விற்றவன் குறித்த நாளிலே வாங்கியவன் தன் பொருளைக் கைவிட வேண்டும் என்று அவர் யாண்டும் கூறினாரல்லர். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை பண்டிதர்கள் தமக்குள் நடத்தும் வாதமாக மட்டும் இருந்திருப்பின் இப்பக்கத்திலே அதனை எழுத நேர்ந்திராது. பேராதனையைச் சூழ்ந்த பாடசாலைகளின் அலுமாரிகளிலே அவ்வேற்றுமை இன்று தூசு படிந்து கிடக்கின்றது.

மாணவர் 'டெப்' என்று வழங்கும் பலகைக் கணினிகளையே சொல்கின்றோம். 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கரும்பலகையிலிருந்து கண்ணாடிப் பலகைக்குக் குடிபெயர்ந்தது. பேராதனையிலே அலுவலகம் கொண்டுள்ள இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, பல்கலைக்கழக மாணவர்கள் தரவுக் கட்டணமின்றி விரிவுரை கேட்க வழிசெய்தது, பாராட்டுக்குரிய பணி. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அத்தகைய புகலிடம் வாய்க்கவில்லை. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயங்களில் வாழும் குடும்பங்கள் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்தன. கொழும்பிலே வேலை செய்யும் அண்ணன் அனுப்பியது ஒன்று. கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது ஒன்று. கண்டி நகரத்துக் கடையிலே இரண்டாங் கையாக வாங்கியது ஒன்று. அவற்றுட் பல அப்போதே ஏழெட்டு ஆண்டு பழையவை. பின்னர் 2022 வந்தது. ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. புதியது வாங்கலாம் என்று எண்ணியிருந்தோரும் அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். வாங்கப்படாத புதியவற்றுக்கு ஈடாகப் பழையவையே இன்றும் உழைக்கின்றன. அன்றேல் உழைக்கமாட்டாமல் உறங்குகின்றன.

இத்தகைய பலகையொன்றைக் கடைக்காரரிடம் கொண்டுசென்று காட்டினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "இதுக்குக் காலம் முடிஞ்சிட்டுது சேர், புதுசு ஒண்டு எடுங்கோ" என்பார். எதற்குக் காலம் முடிந்தது என்று கேட்டால் விடை வராது. கண்ணாடியிலே கீறல் இல்லை. எழுத்துத் துலக்கமாகவே தெரிகின்றது. ஒலி குறையவில்லை. மின்கலம் முன்போல நெடுநேரம் நில்லாது, அதனை மாற்றிக்கொள்ளலாம். உடல் நலமாக இருக்க, உள்ளிருந்து அதனை இயக்குவது மட்டும் பழமைப்பட்டுவிட்டது. அவ்வியக்கத்துக்கு நம் நாட்டுப் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்று பெயரிட்டுள்ளன. தமிழகத்தார் 'இயங்குதளம்' என்பர். பெயர் சூட்டுவதில் நம்மவர் காட்டும் தாராளம் வியப்புக்குரியதுதான். மின்சாரம் நின்றதும் உள்ளதையெல்லாம் மறந்துவிடும் நினைவகத்துக்குத் 'தற்போக்குப் பெறுவழி நினைவகம்' என்று பெயர். மாணவன் அதனை ஒரே மூச்சிற் சொல்லி முடிப்பதற்குள் அது மறந்தே போயிருக்கும். நாம் இங்கே முறைமை என்றும் வேலை நினைவகம் என்றும் சுருக்கமாகவே வழங்குவோம்.

முறைமை பழமைப்பட்டால் ஒரே நாளில் எதுவும் நேர்ந்துவிடாது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். அண்ட்ரொயிட் 5.0க்குக் குறைந்த முறைமைகளில் வாட்ஸப் இயங்காது என்னும் விதி 2023 ஒக்டோபரிலே நடைமுறைக்கு வந்தது. நம் ஆசிரியர்களிற் பெரும்பாலோர் பயிற்சித் தாள்களை அனுப்புவது அவ்வழியாகத்தான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, வெளியே தெரியாதது. இணையத்தளமொன்றைத் திறக்கும்போது, அத்தளம் உண்மையானதுதானா என்று பலகை தானாகவே ஒரு சான்றிதழைப் பார்த்து அறிந்துகொள்கின்றது. அச்சான்றிதழுக்கு மூலமாக நம்பத்தக்க சில கையொப்பங்களின் பட்டியல் முறைமையினுள்ளேயே பதிந்திருக்கும். கையொப்பங்களுக்கும் முடிவு நாள் உண்டு. உலகிலுள்ள மிகப் பல தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் சார்ந்திருந்த பழைய கையொப்பம் 2021 செப்டெம்பர் 30ஆம் நாளுடன் முடிந்தது. அதன் புதிய கையொப்பத்தை அண்ட்ரொயிட் 7.1.1க்கு முந்திய முறைமைகள் அறியா. இடைக்கால ஏற்பாடொன்றினால் 2024 வரை இடர் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் அதுவும் ஓய்ந்தது. தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருக்கும் பயர்பொக்ஸ் போன்ற உலாவி வாய்க்காத பிள்ளை, 'இத்தளம் பாதுகாப்பானதன்று' என்னும் எச்சரிக்கையைக் கண்டு, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணிப் பலகையை மூடிவைக்கின்றது.

இவை எல்லா மொழியினருக்கும் பொதுவான இடர்கள். தமிழர்க்கென்று தனியே ஓர் இடர் உண்டு. இப்பக்கத்தின் வாசகர்கள் அதனைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். 2011இன் இறுதியில் வெளிவந்த நான்காம் பதிப்புக்கு முந்திய அண்ட்ரொயிட் கருவிகளிற் பெரும்பாலானவற்றிலே தமிழெழுத்தே இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறுங் கட்டங்கள் வரிசையாக நிற்கும். எழுத்திருந்த சில கருவிகளிலும் கொம்பு இடம் மாறியது. ஒருங்குறியிலே 'பே' என்பது பகரம் முன்னும் ஏகாரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகின்றது. நாம் படிக்கும்போது அக்குறியை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது முறைமையின் கடமை. கடமை அறியாத முறைமை, சேமித்த ஒழுங்கிலேயே எழுதிக் காட்டிவிடும். 'பேராதனை' என்னும் நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பகரத்தை விட்டுப் பிரிந்த கொம்பு ரகரத்துக்கு முன்னே வந்து நிற்க, 'ரா' என்பது 'ரோ' ஆகிவிடும். ஈற்றிலுள்ள ஐகாரக் குறியோ சார எழுத்தின்றித் தனித்து நிற்கும். படிப்பவன் 'பரோதன' என்று படித்துவிட்டு, மீதியை என்ன செய்வதென்று அறியாது திகைப்பான்.

அதே னகர ஐகாரம் அச்சுக்கூடத்தாரையும் ஒருகாலத்தில் வருத்தியது என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். யானை துதிக்கையைத் தூக்கினாற்போல வளைந்த குறியொன்றைத் தலையிலே தாங்கி, ணை, லை, ளை, னை என்னும் நான்கும் தனி அச்சாக நின்றன. 1978இலே தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அவ்வடிவம் பின்னர் நம் நாட்டு நூல்களினின்றும் சிறிது சிறிதாக மறைந்தது. எமது கல்லூரியிலே பழைய பதிப்பொன்றைக் கையிலெடுக்கும் இளைஞர் முதல் நாளிலே தடுமாறுவதும் இரண்டாம் நாளிலே பழகிவிடுவதும் வழக்கம். எழுத்தின் உருவம் மாறினும் நூல் மாறுவதில்லை.

ஏட்டுச் சுவடிகளைக் கையாண்டோர்க்கு இது புதுமையன்று. சுவடியிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஓருருவாய் இருக்கும். காலையும் ரகரத்தையும் பொருள் நோக்கித்தான் பிரித்தறிய வேண்டும். ஓலை செல்லரித்துப் பொடியத் தொடங்கியதும், ஊரிலுள்ள கணக்காயரோ மடத்து மாணாக்கரோ புதிய ஓலையிலே அதனைப் பெயர்த்தெழுதுவர். பெயர்த்தெழுதாத நூல் இறந்துபட்டது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியதும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் 1887ஆம் ஆண்டு ஒன்றிலேதான். ஓலையினின்று தாளுக்குத் தமிழ் குடிபெயர்ந்த காலம் அது. பழைய உடலை விட்டு நூலாகிய உயிர் புதிய உடலிற் புகுந்தது என்று அதனைச் சொல்லலாம். பலகைக் கணினியின் கதையோ அதன் மறுதலை. இங்கே உடல் அப்படியே இருக்க, உயிரை மாற்ற வேண்டியிருக்கின்றது. சாத்தனூரிலே இறந்து கிடந்த மூலன் என்னும் இடையனின் உடலிலே சிவயோகியார் புகுந்து திருமூலர் ஆனார் என்று பெரியபுராணம் கூறும் வரலாற்றை இதற்கு உவமையாகச் சொன்னால் மாணவர் உடனே விளங்கிக்கொள்கின்றனர்.

பழைய முறைமையினால் பழந்தமிழையே படிக்க முடியாமற் போகும் விந்தையும் உண்டு. முந்திரி என்பது 1/320; காணி என்பது 1/80; மா என்பது 1/20. நம் முன்னோர் நிலத்தையும் நெல்லையும் அளந்து எழுதிய இக்கீழ்வாய் இலக்கங்களுக்கும், அவற்றோடு சேர்ந்த கணக்குக் குறிகளுக்கும் ஒருங்குறியிலே இடம் கிடைத்தது 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 12ஆம் பதிப்பிலேதான். மொத்தம் 51 குறிகள். அதற்கு முன்னர்ச் செய்யப்பட்ட எழுத்துருக்களையே கொண்ட பலகையிலே அவை வெறுங் கட்டங்களாகவே தோன்றும். நானூறு ஆண்டுப் பழமையான எண்ணைப் படிப்பதற்கு நேற்று வந்த எழுத்துரு வேண்டியிருக்கின்றது. பழமையைப் போற்றுவோர் புதுமையை வெறுக்க இயலாது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று எமக்குத் தோன்றவில்லை.

ஆயின், புதிய முறைமையைப் பழைய பலகையிலே இடுவது யார்? செய்து விற்ற நிறுவனம் ஓரெல்லை வரை இடும், பின்னர்க் கைவிடும். கூகுள் நிறுவனத்துக்காக ஆசுஸ் செய்த நெக்சஸ் 7 என்னும் ஏழங்குலப் பலகை உலகெங்கும் பெருவாரியாக விற்றது. அதன் இரண்டாம் வார்ப்பு 2013 ஜூலையிலே அண்ட்ரொயிட் 4.3உடன் வந்தது, நிறுவனம் 6.0.1 வரை புதுப்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு அப்பலகையை வாழவைத்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அண்ட்ரொயிட்டின் மூலநிரல் 2008 முதல் எவரும் எடுத்தாளக்கூடியதாக வெளியிடப்பட்டு வருவதால், அதனை எடுத்துப் பழைய கருவிகளுக்கேற்பத் திருத்தி வழங்கும் கூட்டங்கள் தோன்றின. 2009இலே தொடங்கிய சயனொஜென்மொட் அவற்றுள் முதன்மையானது. 2016 டிசம்பரிலே அது கலைந்ததும், அதன் பணியை லினேஜ் என்னும் முறைமையாகத் தொண்டர்கள் தொடர்ந்தனர். அம்முறைமையினால் 2013ஆம் ஆண்டு நெக்சஸ் 7, 2020இல் வெளிவந்த அண்ட்ரொயிட் 11 வரை ஏறியது.

இதனிலும் வியப்பானது எச்.பி. நிறுவனத்தின் டச்பேட் என்னும் பலகையின் வரலாறு. 2011 ஜூலை 1ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தது. ஓகஸ்ட் 18ஆம் நாள் அதனைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. நாற்பத்தொன்பதே நாள்! 499 டொலர் விலையிட்ட பலகையை 99 டொலருக்குக் கொட்டி விற்றனர். அதனுள் இருந்த வெப்ஓஎஸ் முறைமைக்கு எதிர்காலம் இல்லையென்பது வாங்கியோர் அனைவர்க்கும் தெரியும். ஆயினும் அதே ஆண்டு ஒக்டோபரிலே தொண்டர்கள் அண்ட்ரொயிட் முறைமையை அதனுள் இயங்கச் செய்துவிட்டனர். செய்தவனே இறந்ததென்று சொல்லிக் கைகழுவிய உடல் பல ஆண்டுகள் வாழ்ந்தது. மேலே திருமூலரை நினைவுகூர்ந்தது வீண் போகவில்லை.

இதற்குரிய செய்முறையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர், மாணவி ஒருத்தியின் நெக்சஸ் பலகையிலே செய்துகாட்ட நாம் அருகிருந்து கண்டோம். முதலில் உள்ளவற்றையெல்லாம் வேறிடத்திலே படியெடுத்து வைத்தார். தொடக்கப் பூட்டைத் திறந்தவுடன் பலகையில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்றார். பின்னர்க் கணினியோடு வடத்தினாலே இணைத்து, பூட்டைத் திறந்து, மீட்புக்கென்று அமைந்த சிறு நிரலொன்றை இட்டார். இவ்வகைப் பலகையிலே முறைமைக்கென ஒதுக்கிய அறை சிறியது. புதிய முறைமை அதனுள் அடங்காது. ஆதலால், வீட்டிலே நடுச்சுவரைத் தள்ளிக் கட்டுவதுபோல, சேமிப்பிடத்தின் எல்லைகளை மாற்றி அறையை விரித்தார். சுவர் தள்ளும் அந்நேரத்திலே மின்கலம் ஓய்ந்தாற் பலகை செங்கல்லாகிவிடும் என்று அவர் சொன்னபோது, பலகைக்கு உரியவள் முகத்திலே எழுந்த கலக்கம் எமக்கும் தொற்றிக்கொண்டது. ஒன்றும் நேரவில்லை. மாலைத் தேநீருக்கு முன்னரே பலகை புதிய முறைமையோடு விழித்தது. 2 கிகாபைட் வேலை நினைவகமே உள்ள கருவியாகையால் பெரிய ஒளிப்படத் தொகுதிகளைத் திறக்கும்போது இன்றும் தயங்குகின்றது. வங்கிச் செயலிகளிற் சில, பூட்டுத் திறந்த கருவியிலே இயங்க மறுக்கும். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பன்று.

இத்துணையும் சொன்னதனால், பழைய பலகை எதுவாயினும் புதிய முறைமையை ஏற்றிவிடுவதே நன்று என்று வாசகர் முடிவு கட்டிவிடலாகாது. புதியது அனைத்தும் பொருந்தாது. அதே நெக்சஸ் 7இன் முதல் வார்ப்பு, 2012இலே அண்ட்ரொயிட் 4.1உடன் வந்தது, 1 கிகாபைட் வேலை நினைவகம் கொண்டது. 2014இன் இறுதியில் அதற்கு அண்ட்ரொயிட் 5.0ஐ நிறுவனமே அனுப்பியது. ஏற்றுக்கொண்டோர் பலர் தொட்டதற்கு அசையாத பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வருந்தினர். நல்லூழாகக் கூகுள் அப்பலகைக்குரிய பழைய முறைமைகளையும் பொதுவிலே வைத்திருந்தது. அறிந்தோர் திரும்பிச் சென்றனர். அப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2 வைத்திருந்தோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. 2011 மார்ச்சிலே ஐஓஎஸ் 4.3உடன் வந்த அப்பலகை ஒன்பதாம் பதிப்பு வரை ஏறியது. அரை கிகாபைட் நினைவகத்தோடு அது பட்ட பாட்டைப் பார்த்தோர் அறிவர். பழைய பதிப்புக்கு மீள விரும்பினால், நிறுவனத்தின் கணினி அதற்குக் கையொப்பமிட்டு இசைய வேண்டும். சில நாட்களிலேயே பழைய பதிப்புகளுக்குக் கையொப்பமிடுவதை நிறுவனம் நிறுத்திவிடும். ஏறலாம், இறங்க முடியாது. நம் மலைநாட்டுப் பேருந்துகள்கூட இவ்வாறு செய்வதில்லை.

இத்தாலி நாட்டின் வணிகப் போட்டி அதிகாரசபை 2018 ஒக்டோபரிலே அளித்த தீர்ப்பை இவ்விடத்திலே குறிப்பிட வேண்டும். அப்பிள் நிறுவனத்துக்கு 1 கோடி யூரோவும் சம்சுங் நிறுவனத்துக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டமாக விதிக்கப்பட்டன. பழைய கைபேசிகள் தாங்கமாட்டாத புதிய முறைமையை ஏற்றுமாறு உரியவர்களை இடைவிடாது வற்புறுத்தியதும், அதனால் விளையும் தளர்ச்சியை முன்கூட்டிச் சொல்லாததும், பழைய நிலைக்கு மீளும் வழியைக் கொடாததுமே குற்றங்கள். புதிய முறைமை வழங்கப்பட்டதைத் தீர்ப்புக் குறைகூறவில்லை; அறியாமலும் மீளமுடியாமலும் ஏற்கச் செய்ததைத்தான் குறைகூறியது. எமது நோக்கிலே இத்தீர்ப்பு முறைமை பற்றிய வழக்கின் நடுநரம்பைத் தொட்டுவிட்டது. ஏற்றுவதா, விடுவதா, மீள்வதா என்று தெரிந்தெடுக்கும் உரிமை பலகைக்கு விலை கொடுத்தவனுடையது. அவ்வுரிமையைத் தொடக்கப் பூட்டினாலே மறைத்து வைத்துவிட்டு, 'காலம் முடிந்தது' என்று கடைக்காரர் வாயிலாகச் சொல்விப்பது நேர்மையன்று. பூட்டுக் கள்வரிடமிருந்து காக்கின்றது என்பர். மெய்தான். வீட்டுக்குப் பூட்டு வேண்டும் என்பதை யார் மறுத்தார்? திறப்பு வீட்டுக்காரனிடம் இருக்க வேண்டும் என்பதே எமது வழக்கு.

எனவே ஏற்றத்தக்கவை எவை, விடத்தக்கவை எவை என்று அளந்தறிவது ஆசிரியர் கடமையாகின்றது. 2 கிகாபைட்டும் அதற்கு மேலும் நினைவகமுள்ள, பூட்டுத் திறக்கத்தக்க பலகைக்குப் புதிய முறைமையை இடலாம். அதனிற் குறைந்ததை அதன் போக்கிலேயே விட்டு, இணையத்தை அறுத்து, படிக்கும் ஏடாக மாற்றிவிடலாம். 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை அறியாத ஈழத்துத் தமிழாசிரியர் இருப்பின் அவர் இன்றே அறியக் கடவர். ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பல்லாயிரக் கணக்கிலே அங்குப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்ட நாட்டிலே, இப்பணியின் பெருமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் போன்ற இதழ்களைத் தேடும் மாணவன், வேண்டியவற்றை வேறொரு கணினியிலே இறக்கி, வடத்தின் வழியே பழைய பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்தாண்டுப் பழமையான ஐபாட்டின் கண்ணாடி அச்செழுத்தைக் காட்டுவதிலே இன்றைய மலிவுப் பலகைகள் சிலவற்றை வென்றுவிடும். இதற்குப் புதிய முறைமை வேண்டியதில்லை, கள்வர்க்கஞ்ச வேண்டியதுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியுள்ளது. அங்கே விற்கப்படும் கைபேசிக்கும் பலகைக்கும், அம்மாதிரியின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு முறைமைப் புதுப்பிப்பு வழங்க வேண்டும். உதிரிப்பாகங்கள் ஏழாண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். அங்கு விற்கும் அதே நிறுவனங்கள்தாம் இங்கும் விற்கின்றன. பாற்பொடிப் பொதியிலே முடிவு நாளை அச்சிட வேண்டுமென்று விதித்திருக்கும் நாட்டிலே, 'இப்பலகைக்கு இன்ன ஆண்டு வரை புதுப்பிப்பு உண்டு. இதன் பூட்டு உரியவரால் திறக்கத்தக்கது அல்லது திறக்கத்தகாதது' என்னும் இரண்டு வரிகளைப் பெட்டியின்மீது அச்சிடுமாறு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை பணிப்பது பெருஞ் சுமையாகாது. கல்வி அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களங்களும் பலகைகளுக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது விலையையும் கண்ணாடியின் அளவையும் கேட்பதோடு இவ்விரண்டையும் கேட்க வேண்டும். அன்பளிப்பாகக் கொடுக்கும் நலன்விரும்பிகளிடமும் இதனைக் கேட்பதில் நாணம் வேண்டா. பூட்டிய பலகை ஐம்பதைப் பெறுவதிலும் பூட்டுத் திறக்கும் பலகை முப்பதைப் பெறுவது பாடசாலைக்கு நன்று. நமக்கு அண்மையிலுள்ள கேரளத்திலே பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளைத் தழுவி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாயின; கைட் என்னும் அரசு நிறுவனம் பாடசாலைக் கணினிகளுக்கேற்ற முறைமையைத் தானே தொகுத்து வழங்குகின்றது. மலையாளத்தார்க்கு ஒல்லும் பணி நமக்கு ஒல்லாது என்று நாம் கருதவில்லை.

உலகிலே 2022ஆம் ஆண்டிலே எறியப்பட்ட மின்கருவிக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதிலே 22.3 வீதமே முறையாகச் சேர்த்தெடுக்கப்பட்டதென்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகின்றது. மகாவலிக் கரையிலே வாழும் நாம் அவ்வெண்ணைப் படித்துவிட்டு வாளா இருத்தல் தகாது. ஆயினும் எமது கவலை முதன்மையாக ஆற்றைப் பற்றியதன்று. ஆற்றுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் பிள்ளையைப் பற்றியது. அப்பிள்ளைக்குப் புதிய பலகை வாங்கிக் கொடுக்க எவரும் வரப்போவதில்லை.

பேராதனையிலே பொறியியற் பீடமும் இருக்கின்றது, தமிழ்த்துறையும் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் தூரந்தான். சனிக்கிழமை முற்பகலொன்றிலே, அண்மையிலுள்ள பாடசாலைகள் தத்தம் பலகைகளைக் கொண்டுவர, முறைமை ஏற்றத் தெரிந்த மாணவர் ஒரு மேசையிலும், எழுத்துருவும் நூல்களும் இட்டுக் கொடுக்கும் தமிழ் மாணவர் மற்றொரு மேசையிலும் அமரலாம். அதற்கு முன்னே அதிபர்களும் வகுப்பாசிரியர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு பலகையின் மாதிரிப் பெயர், அதிலுள்ள முறைமையின் எண், வேலை நினைவகத்தின் அளவு, மின்கலம் எத்தனை மணிநேரம் நிற்கின்றது என்பவற்றைப் பதிவேடொன்றிலே எழுதிவைத்தல். இருபது பலகைகளை இவ்வாறு பதிய இரண்டு பாடவேளை போதும். தரம் பத்து மாணவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் ஒன்றே போதும்.